மணவாளக்குறிச்சி மணலும் கொட்டகை வெளிச்சமும்

மணவாளக்குறிச்சின்னு சொன்னா வெளியூர்க்காரங்க ரெண்டு விசயம்தான் கேப்பாங்க, ஒண்ணு மணல் ஆலை, இன்னொண்ணு பக்கத்துல இருக்க மண்டைக்காடு அம்மன் கோயில். அந்தப் பக்கத்துல சினிமா எப்டி வந்துச்சு, யாரு பாத்தா, எப்டி போச்சுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. எனக்கு ரொம்ப வருசமா மண்டைக்குள்ள ஓடுறது அதுதான். ஏன்னா எங்க மாமா, அம்மாகூடப் பொறந்தவரு, பகல்ல லாரில மணல் ஏத்துற கூலி வேல, ராத்திரி சினிமாக் கொட்டகைல ஆபரேட்டருக்கு கையாள். அந்த ரெண்டு வேலைக்கும் நடுவுல ஒரு சம்பந்தம் இருக்குன்னு அவருக்குத் தெரியாது, எனக்கும் ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது. அதச் சொல்லத்தான் இத எழுதுறேன்.

சின்ன ஊரு சினிமா வரலாறுன்னா பொதுவா எந்த வருசம் எந்த தியேட்டர் கட்டுனாங்க, எந்தப் படம் நூறு நாள் ஓடுச்சு, எப்போ கல்யாண மண்டபம் ஆச்சுன்னு எழுதுவாங்க. அது கட்டடத்தோட வரலாறு. ஒரு தொழில் ஊர்ல சினிமா எப்டி ஒட்டுச்சுன்னு புரியணும்னா வேற கேள்வி கேக்கணும், ஜனங்களுக்கு கையில காசு எந்தக் கெழமை வந்துச்சு, எந்த நேரத்துல ஒழிவு கெடச்சுது, அந்தத் திரைல விழுந்த வெளிச்சம் எதுல இருந்து வந்துச்சு, இந்த மூணும். நான் மூணாவதுல இருந்து ஆரம்பிக்கேன்.

1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன் கெமிஸ்ட், திருவிதாங்கூர்ல இருந்து கப்பல்ல போன கயித்துல ஒட்டிட்டு இருந்த மணல்ல மோனசைட்டுங்குற தாது இருக்குன்னு கண்டுபிடிச்சாரு. நம்ம கடப்புறத்துல தேங்கா நாரு திரிச்ச கயிறு, அதுல ஒட்டுன மணல், அவ்வளவுதான் ஆரம்பம். அது எங்க இருந்து வந்த மணல்னு தேடி வந்து பாத்தா மணவாளக்குறிச்சி கர. கொஞ்ச நாள்லயே மணல் பிரிக்குற ஆலை வந்துருச்சு. அதுக்கு அவ்வளவு அவசரம் ஏன்னா அப்போ ஐரோப்பாவுல வீட்லயும் தெருவுலயும் எரிஞ்சது கேஸ் விளக்கு. அந்த விளக்குல வெள்ளையா எரியுறதுக்கு ஒரு வலை மாட்டுவாங்கல்ல, நம்ம பெட்ரோமாக்ஸ்ல மாட்டுற அதே மாண்டில், அத கண்டுபிடிச்சவரு ஆஸ்திரியாக்காரர் ஆவர் வான் வெல்ஸ்பாக். துணி வலைய தோரியம் கரைசல்ல நனைச்சு காயவச்சு எரிச்சா துணி போயிரும், ஆக்சைடு வலை மட்டும் நிக்கும், 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம். அந்த தோரியம் மோனசைட்டுக்குள்ள இருக்கு. அதுவரைக்கும் பெரும்பாலும் பிரேசில்ல இருந்துதான் மோனசைட் போயிட்டு இருந்துச்சு, அப்புறம் நம்ம கரைல இருந்தும் போச்சு. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன்காரங்க கைய விட்டு பிரிட்டிஷ் கம்பெனிங்க கைக்கு மாறுச்சு.

சுதந்திரத்துக்குப் பொறவு 1950 ஆகஸ்ட்ல இந்தியன் ரேர் எர்த்ஸ்னு கம்பெனி ஆரம்பிச்சாங்க, இந்திய அரசும் அப்போ இருந்த திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேந்து. முதல் ஆலை ஆலுவாவுல, 1952-ல ஓட ஆரம்பிச்சுது, வேல மோனசைட்ட உடைச்சு அருமண் உப்புங்கள, அதாவது சீரியம் மாதிரி ரேர் எர்த் உலோகங்களோட உப்புங்கள பிரிக்குறது. 1963-ல அது முழுசா மத்திய அரசு நிறுவனமாகி அணுசக்தித் துறைக்குக் கீழ போச்சு, அப்புறம் தனியார் கைல இருந்த மணல் கம்பெனிங்கள எடுத்துக்கிட்டு சவறாவுலயும் மணவாளக்குறிச்சிலயும் தன்னோட யூனிட்ட வச்சாங்க. ஊர்க்காரங்க வாய்ல இன்னைக்கும் அது மணல் ஆலை, இல்லன்னா வெறும் கம்பெனி.

இப்போ சினிமாவுக்கு வாறேன். பழைய புரொஜக்டர்ல பல்பு கெடையாது மக்கா. ரெண்டு கார்பன் குச்சி, ஒண்ணு பாசிட்டிவ், ஒண்ணு நெகட்டிவ், முனையோட முனை கொஞ்சம் தொட்டு வெலக்குனா நடுவுல கரண்ட் பாயும், அதுதான் ஆர்க். குச்சி முனை 3,500 டிகிரிக்கு மேல சூடாகி எரியும், பின்னால இருக்க குழிக் கண்ணாடி அந்த வெளிச்சத்த பிலிம் மேல தள்ளும். வெறும் கார்பன் மட்டும் எரிஞ்சா வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளா இருக்கும். நல்ல வெள்ளை வேணும்னா பாசிட்டிவ் குச்சிக்கு நடுவுல ஒரு திரி மாதிரி வேற பொருள் அடைச்சிருப்பாங்க. அந்தத் திரில இருக்குறது அருமண் ஃப்ளோரைடு, முக்கியமா சீரியம். மோனசைட்ட உடைச்சா தோரியத்துக்கு அடுத்து கைல மலையாக் கெடைக்குறது அந்த சீரியம்தான், மோனசைட்ல உள்ள அருமண்ல கிட்டத்தட்ட பாதி அதுதான். போன நூற்றாண்டுல பாதி காலம் அருமண் பொருளுக்கு உலகத்துல இருந்த பெரிய மார்க்கெட்ல இந்த ஆர்க் கார்பனும் ஒண்ணு. சிகரெட் லைட்டர் கல்லு இன்னொண்ணு, அதுவும் அதே வெல்ஸ்பாக் கண்டுபிடிச்சது.

அப்டின்னா கொட்டகைக்கு வந்த கார்பன் பெட்டி எந்த நாட்டு சரக்கா இருந்தாலும் சரி, அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள்ள எரிஞ்சது எங்க ஊரு மணல்ல கெடக்குற அதே பொருள். கொட்டகை வாசல்ல கடலை விக்குற அண்ணாச்சி வச்சிருந்த பெட்ரோமாக்ஸ் மாண்டில்லயும் அதே குடும்பம். நாகர்கோவில் தியேட்டர் வெளிச்சம் வெள்ள வெளேர்னு இருக்கும், நம்ம கொட்டகைல கொஞ்சம் பழுப்பா இருக்கும்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க, அது சும்மா சொல்றதில்ல, பெரிய தியேட்டர்ல கார்பன் அதிக ஆம்பியர்ல எரியும், சின்ன எடத்துல குறைஞ்ச கரண்ட்ல ஓட்டுவாங்க. காசு வித்தியாசம் திரைலயே தெரியும்.

மாமாவோட வேல அந்த ஆர்க் பக்கத்துலதான். கருப்புக் கண்ணாடி வழியா பாத்துகிட்டே இருக்கணும், கார்பன் கரையக் கரைய நடுவுல இடைவெளி கூடும், கையால பைய திருகி கிட்ட கொண்டுவரணும், விட்டா வெளிச்சம் மங்கும், இல்ல அணைஞ்சே போயிரும், கீழ விசில் பறக்கும். பாசிட்டிவ் குச்சி நெகட்டிவ விட சீக்கிரம் கரையும், அதுக்கு ஏத்த மாதிரி தள்ளணும். ரூமுக்குள்ள சூடு, புகை, புகை போறதுக்கு மேல ஒரு குழாய். அந்தப் புகைல திரில இருந்த அருமண்ணும் சேந்துதான் போகும். பல வருசம் படம் ஓட்டுனவங்க நுரையீரல்ல சீரியம் படிஞ்சு கெடந்தத டாக்டர்மாரு கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க, அதே ஆர்க் விளக்குல போட்டோ பிளாக் எடுத்தவங்களுக்கும் வந்திருக்கு. படத்துல நடிச்சவங்க பேரு சுவத்துல எல்லாம் இருந்துச்சு, அந்த ரூமுக்குள்ள நின்னவங்கள யாரும் எண்ணிக்கூட பாக்கல. இத நெனச்சா எனக்கு மனசு ஆற மாட்டேங்குது.

ஒரு கணக்கு சொல்றேன், 35 எம்.எம் பிலிம் நிமிசத்துக்கு 90 அடி ஓடும். ரெண்டரை மணிநேரப் படம்னா 13,500 அடி, கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் நீளம். பெரிய தியேட்டர்ல ரெண்டு புரொஜக்டர் இருக்கும், ஒண்ணு முடியும்போது இன்னொண்ணு எடுத்துக்கும், பாக்குறவங்களுக்கு தெரியாது. கொட்டகைல ஒரே புரொஜக்டர்தான், அதனால ரீல் மாத்த நிறுத்தித்தான் ஆகணும், ஒரு படத்துக்கு மூணு இடைவேளைன்னு பழைய ஆளுங்க சொல்றதுக்கு காரணம் அதுதான். அந்த மூணு இடைவேளைலதான் ஊரு வியாபாரம் நடந்துச்சு, கடலை, முறுக்கு, சுக்குக் காப்பி, சாயா, பீடி. நாகர்கோவில் ஒழுகினசேரில 1908-ல பொறந்த என்.எஸ். கிருஷ்ணன் சின்ன வயசுல நாடகக் கொட்டகைல தின்பண்டம் வித்த பையன்தான்னு நெனச்சுப் பாருங்க, அந்த இடைவேளைங்க இந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பெரிய ஆள குடுத்திருக்கு.

அதுக்கும் முன்னால நகரும் படம் தென்னாட்டுக்கு வந்ததே இப்டி அலைஞ்சு திரிஞ்சுதான். 1905-ல திருச்சில ரயில்வேல வேல பாத்துட்டு இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து புரொஜக்டர வெலைக்கு வாங்கி, டெண்ட் போட்டு ஊரு ஊரா காட்டுனாரு, அப்புறம்தான் கோயம்புத்தூர்ல நிரந்தரமா வெரைட்டி ஹால் கட்டுனாரு. நம்ம பக்கம் அப்போ திருவிதாங்கூர் ராஜ்ஜியம், அதனால சினிமாக்காரங்க கண்ணு திருவனந்தபுரத்துலதான் இருந்துச்சு. மலையாளத்தோட முதல் படத்த எடுத்த ஜே.சி. டேனியல் நம்ம அகஸ்தீஸ்வரத்துக்காரர். இருந்த சொத்த வித்து ஸ்டுடியோ வச்சாரு. அந்தப் படத்துல நடிச்ச பி.கே. ரோஸி ஒரு தலித் பொண்ணு, அவங்க நாயர் பெண்ணா நடிச்சத தாங்காம திருவனந்தபுரத்துல திரை மேல கல்லெறிஞ்சாங்க, அந்தப் பொண்ண ஊர விட்டே வெரட்டுனாங்க, கடைசில அவங்க வந்து சேந்தது நாகர்கோவில். டேனியலும் கடன்ல நொடிஞ்சு 1975-ல அகஸ்தீஸ்வரத்துலயே காலமானாரு. 1992-ல இருந்து கேரள அரசு அவரு பேர்ல பெரிய விருது குடுக்குது. கொட்டகைல யாரு யாரு பக்கத்துல உக்காந்தான்னு பேசுறதுக்கு முன்னால இந்தக் கதைய நம்ம மாவட்டத்துல எல்லாரும் தெரிஞ்சிருக்கணும், அதான் எடையில சொல்றேன்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்துச்சு. சினிமாவப் பொறுத்தவரைக்கும் இது பெரிய மாத்தம். 1955-ல வந்த மெட்ராஸ் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957 விதிகளும்தான் பொறவு இங்க சட்டம். லைசென்ஸ் குடுக்குறது கலெக்டர். டூரிங் கொட்டகைக்கு கொஞ்ச காலத்துக்குத்தான் லைசென்ஸ், முடிஞ்சா எடம் மாத்தணும், நிரந்தர தியேட்டருக்கு ரொம்ப பக்கத்துல போட முடியாது. ஆபரேட்டர் ரூமுக்கு தீப்பிடிக்காத சுவரு, தண்ணி வாளி, மணல் வாளி எல்லாம் இருக்கணும். இது சும்மா கெடுபிடி கெடையாது, பழைய நைட்ரேட் பிலிம் பெட்ரோல் மாதிரி பத்திக்கும், 1950-களுக்குப் பொறவு அசிடேட் பிலிம் வந்தாலும் மேல இருக்குறது ஓலைதான. 1979-ல தூத்துக்குடில ஓலைக் கொட்டகை ஒண்ணு படம் ஓடிட்டு இருக்கும்போதே எரிஞ்சு நெறைய சனம் செத்துப்போச்சு. அதுக்குப் பொறவு ஓலை வேஞ்ச கொட்டகைன்னாலே வீட்ல பெரியவங்க ஒருதடவ யோசிச்சாங்க.

வியாபாரத்துலயும் நாம திருநெல்வேலியோட சேந்தோம். தமிழ்ப்பட விநியோகத்துல ஏரியா பிரிச்சிருப்பாங்க, நம்மளோடது டி.கே ஏரியா, திருநெல்வேலி கன்னியாகுமரி. நாகர்கோவிலுக்கு ரயிலே 1979-லதான் வந்துச்சு, அதுவரைக்கும் படப்பெட்டி எல்லாம் ரோடு வழியா ஆரல்வாய்மொழி தாண்டித்தான் வரணும். பிரிண்ட் கொஞ்சம்தான் போடுவாங்க, மொதல்ல பெரிய டவுன்ல ஓடி, அப்புறம் அடுத்த சென்டர், கடைசில கோடு விழுந்து ஒட்டு போட்டு எங்க மாதிரி எடத்துக்கு வரும், அதுக்குள்ள மாசக்கணக்கு ஆயிரும். ரெண்டு எடத்துல ஒரே பிரிண்ட ஓட்டுனா ஒரு ரீல் முடிஞ்ச உடனே சைக்கிள்ல வச்சு அடுத்த எடத்துக்கு மிதிப்பாங்க. மேற்க மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் போயிட்டா மலையாளப் படமும் சமமா ஓடும், இன்னைக்கும் அப்டித்தான், எல்லை மாறுனதால ரசனை மாறல.

இனி காசும் நேரமும். தொழில் ஊர்ல சினிமா நேரத்த முடிவு பண்ணுனது வேல நேரம். ஆலைல ஷிப்ட் உண்டு, ராத்திரி பத்து மணியோட ஷிப்ட் முடிஞ்சு வாற ஆளுக்கு வீட்டுக்குப் போனா ஒறக்கம் வராது, அவனுக்குத்தான் ரெண்டாவது ஆட்டம். கல்குளம், விளவங்கோடு பக்கம் முழுக்க அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை, அங்க வேல பாக்குறது முக்காவாசி பொம்பளைங்க, தோட்டுல இருக்க எண்ணெய் பட்டு கைவிரல் எல்லாம் கறுத்துப்போயிருக்கும், வாரக்கூலி கைல வந்ததும் கூட்டமா சேந்து படத்துக்குப் போவாங்க. அவங்க சொந்தக் காசுல சொந்த முடிவுல போன எடம் அது ஒண்ணுதான்னு எங்க அம்மா சொல்லுவாங்க, அத நான் முழுசா நம்புறேன். கடப்புறத்துல சின்னவிளை, பெரியவிளை, கடியபட்டணம் எல்லாம் ஞாயித்துக்கெழம கடலுக்குப் போக மாட்டாங்க, பூசை முடிஞ்சு மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு அன்னைக்கு படம். தவக்காலத்துல அந்தக் கூட்டம் வராது, மாசில மண்டைக்காட்டுக் கொடை நடக்கும்போது சனம் எல்லாம் கோயில்லதான் கெடக்கும், மழை அடிச்சா ஓலைக் கொட்டகை ஒழுகும், ஒரு கொட்டகைக்காரர் வருசத்த கணக்குப் போடணும்னா எல்லா மதத்துக் காலண்டரும் தெரிஞ்சிருக்கணும்.

தரை டிக்கெட்ல உக்காருறதுன்னா மணல்லதான். முன்னால இருக்கவன் தலை மறைக்குதுன்னு மணலக் குவிச்சு மேடு கட்டி அதுமேல உக்காருவோம், பின்னால இருக்கவன் சத்தம் போடுவான், அவனும் குவிப்பான். ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம், நடுவுல இடுப்பளவு தட்டி. அதுக்குப் பின்னால பெஞ்சு, அதுக்கும் பின்னால சேர். காசு பிரிச்சுது, ஆனா தரைல உக்காந்தவங்களுக்குள்ள மீன் விக்குறவங்க, நெசவுக்காரங்க, மணல் வாருறவங்க, பள்ளிவாசல் தெருவு, கோயில் தெருவு, சர்ச்சு தெருவுன்னு எல்லாரும் இருந்தாங்க. 1982 மார்ச்சுல மண்டைக்காட்டுல நடந்த மதக் கலவரம் எங்க பக்கத்துல ஒருத்தரும் மறக்கக்கூடிய விசயம் கெடையாது. அந்தக் காலத்த வச்சுப் பாக்கும்போது இருட்டுல ஒரே மணல்ல தோளோட தோள் ஒட்டி மூணு மணிநேரம் உக்காந்திருந்தாங்கன்னு சொல்றது எனக்கு சின்ன விசயமாத் தெரியல.

கொட்டகைக்கு வெளியவும் படம் ஓடுச்சு, அதத்தான் நான் ஊரோட சினிமான்னு சொல்லுவேன். 16 எம்.எம் புரொஜக்டர் சின்னது, ரெண்டு பேரு தூக்கிரலாம், பெரும்பாலும் ஆர்க் வேண்டாம், பல்புதான். அத வச்சு குருசடித் திருவிழாவுக்கும் கோயில் கொடைக்கும் மைதானத்துல வெள்ளை வேட்டி கட்டிப் படம் போடுவாங்க, காசு கெடையாது, திரைக்கு ரெண்டு பக்கமும் சனம் உக்காரும், பின்பக்கம் உக்காந்தவங்களுக்கு எழுத்து இடம் வலமா திரும்பித் தெரியும், அடிதடி மட்டும் சரியாப் புரியும். அரசாங்க விளம்பர வண்டி வந்தா குடும்பக் கட்டுப்பாடு, அம்மை ஊசி, வயல்ல உரம் போடுறதுன்னு ஏதாச்சும் குறும்படம். கொட்டகைலயும் மெயின் படத்துக்கு முன்னால 1948-ல ஆரம்பிச்ச பிலிம்ஸ் டிவிஷனோட நியூஸ் ரீல் கட்டாயம் போடணும். அணை கட்டுறதும் வெள்ளமும் நேருவும் இந்திராவும் எங்க பாட்டி பாத்தது அதுலதான், பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பிள்ளைங்க நாங்க நடத்துனதும் உண்டு. கொட்டகைக்குப் பின்னால ஆபரேட்டர் ரூமுல இருந்து கூட்டித் தள்ளுற குப்பைல ரெண்டு பொக்கிஷம் கெடைக்கும், வெட்டிப்போட்ட பிலிம் துண்டு, எரிஞ்சு மிச்சமான கார்பன் கட்டை. பியூஸ் போன பல்பு அடிய உடைச்சு தண்ணி நெறச்சா அதுதான் லென்சு. வெளிய ஒருத்தன் கண்ணாடிய வெயில்ல சாச்சுப் பிடிப்பான், வெளிச்சம் சன்னல் ஓட்டை வழியா பிலிம் மேல விழும், சுவத்துல வேட்டில ஹீரோ வந்து நிப்பாரு, தலைகீழா. பிலிம திருப்பி மாட்டுனா நேரா நிப்பாரு. லென்சு எப்டி வேல செய்யும்னு ஸ்கூல்ல பாடம் எடுக்குறதுக்கு முன்னாலயே எங்களுக்கு தெரியும். கார்பன் கட்டைல மேல செம்புப் பூச்சு இருக்கும், அதச் சொரண்டி வச்சுக்குவோம், கட்டைய வச்சு தரைல எழுதுவோம்.

அப்புறம் டெக்கு வந்துச்சு. 80-கள்ல விசிஆரையும் கலர் டிவியையும் வாடகைக்கு எடுத்து கல்யாண வீட்லயும் திருவிழாலயும் முற்றத்துல வச்சு விடிய விடிய மூணு படம் நாலு படம் ஓட்டுவாங்க, ஒரு வீட்டு முற்றத்துல நூறு பேரு பாய் விரிச்சுக் கெடப்போம். அது ஊர் சினிமாதான், ஆனா கொட்டகைக்காரருக்கு அது மரண அடி. அதோட வீட்டுக்கு வீடு டிவியும் வர ஆரம்பிச்சுது. எங்க பக்கம் டிவி கத கொஞ்சம் வித்தியாசம், ஆன்டெனாவ கடல் பக்கம் திருப்புனா இலங்கை ரூபவாஹினி கெடைக்கும், வடமேற்க திருப்புனா திருவனந்தபுரம் மலையாளம் கெடைக்கும், மெட்ராஸ் தமிழ்தான் கடைசியா வந்து சேந்துச்சு. ஒருத்தன் மாடில ஆன்டெனாவ சுத்த, கீழ இருந்து இன்னொருத்தன் வந்துருச்சு, போயிருச்சுன்னு கத்துவான். 1993-ல சன் டிவி வந்து கேபிள் தெருவுக்குள்ள நுழைஞ்சதும் வேலை முடிஞ்சுது.

இதுல ஒரு விசயம் எனக்கு அப்பப்போ தோணும். அந்தக் கலர் டிவி குழாய்ல சிவப்பு நெறம் வந்ததும் ஒரு அருமண்ணாலதான், பேரு யூரோப்பியம், சீரியத்தோட சொந்தக்காரன். மோனசைட்ல அது ரொம்ப ரொம்ப கம்மி, உலகத்துக்கு அது கெடைச்சது பெரும்பாலும் வேற நாட்டு வேற தாதுல இருந்துதான். ஆனா குடும்பம் ஒண்ணுதான். வெள்ளை பெயிண்ட் அடிச்ச திரைன்னா அந்த வெள்ளைக்கு டைட்டானியம், அது நம்ம மணல்ல இருக்க இல்மனைட்டுங்குற தாதுல இருந்து வாறது, திருவனந்தபுரத்துல 1946-ல தொடங்கின டைட்டானியம் கம்பெனி அதுக்குத்தான். லென்சு பாலிஷ் போடுறது சீரியம் ஆக்சைடு வச்சு. இப்போ செல்போன் ஸ்பீக்கருக்குள்ள இருக்க காந்தம் நியோடிமியம், அதுவும் அதே வீட்டு ஆளு. எங்க ஊரு கொட்டகைய வாழவச்சதும் மூடவச்சதும் ஒரே மண்ணோட பிள்ளைங்கன்னு சொன்னா பாதியாச்சும் சரி. இன்னைக்கும் மணவாளக்குறிச்சி ஆலையோட கணக்குல வருசத்துக்கு 90,000 டன் இல்மனைட், 3,000 டன் மோனசைட் எடுக்குற அளவு திறன் போட்டிருக்கு.

மீதி எல்லா ஊர்லயும் நடந்ததுதான். ஆர்க் போய் செனான் விளக்கு வந்துச்சு, கார்பன் திருகுற கைக்கு வேல இல்லாம ஆச்சு. 2010 தாண்டி கொஞ்ச வருசத்துல பிலிமே போயி எல்லாம் டிஜிட்டல், பெட்டி வாறதுக்குப் பதிலா சாட்டிலைட்லயும் ஹார்ட் டிஸ்க்லயும் படம். சென்னைல ரிலீஸ் ஆகுற அன்னைக்கே இங்கயும் ரிலீஸ், அது நல்ல விசயம், ஆனா அத ஓட்டுறதுக்கு மெஷின் வாங்க காசு இருக்கவன் மட்டும்தான் நின்னான். சின்ன தியேட்டர்ங்க குடோன் ஆச்சு, மண்டபம் ஆச்சு, வெறும் விளை ஆச்சு.

போன வருசம் நான் மாமாவ கூட்டிட்டுப் போயி கொட்டகை இருந்த எடத்துல நின்னேன், இப்போ அங்க நாலு தென்னையும் ஒரு காம்பவுண்டு சுவரும். ரூமு இருந்த எடத்த அவரு கால வச்சே காட்டுனாரு, திரை எந்தப் பக்கம்னு கைய நீட்டுனாரு. சின்ன வயசுல நான் எடுத்து வச்ச ஒரு கார்பன் கட்டை இன்னும் என்கிட்ட இருக்கு, அத அவரு கைல குடுத்து நடுவுல இருக்க திரியக் காட்டி இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். திரி எரியும்போதுதான் வெளிச்சம் வெள்ளையா நிக்கும், அது அவருக்கு அப்பவே தெரியும், எதனாலன்னுதான் தெரியாது. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் அவரு கேட்டது ஒரே கேள்வி, கறுப்பா செவப்பா மஞ்சளான்னு. மணல் வாருனவங்களுக்கு இல்மனைட்டு, கார்னெட்டு, மோனசைட்டு எல்லாம் நெறத்துலதான் தெரியும். மஞ்சள்னு சொன்னேன். கட்டைய வெயில்ல ரெண்டு தடவ திருப்பிப் பாத்துட்டு சட்டைப் பைல போட்டுகிட்டாரு. நான் திருப்பிக் கேக்கல.